ரோஜா கொண்டுபோன மனு

'காற்று வெளியிடை'யின் கடைசிப் பகுதியில், கார்கில் போரின்போது பிடிபட்டு ராவல்பிண்டிச் சிறையில் கிடக்கும் விமானி வருண் சக்ரபாணி இன்னும் இரண்டு பேரோடு தப்பிக்கிறான். சிறையை விட்டு வெளியே வந்து, லாரியைப் பிடித்து, துரத்தி வரும் வண்டிகளையெல்லாம் மீறி ஆப்கானிஸ்தானுக்குள் போய்விடுகிறான். அப்புறம் லீலாவைத் தேடுகிறான். 2017 ஏப்ரலில் படம் வந்தபோது எங்கள் நண்பர்கள் வட்டத்தில் நடந்த சண்டையெல்லாம் வருண் லீலாவை நடத்தும் விதத்தைப் பற்றி. நியாயமான சண்டைதான். அந்த ஆண் அப்படித்தான் இருக்கிறான் என்று காட்டுவதற்கும் அவனை ரசித்துக் காட்டுவதற்கும் நடுவில் படம் தடுமாறுவது உண்மை. ஆனால் அந்தச் சண்டையின் இரைச்சலில் ஒரு விஷயத்தை யாரும் கேட்கவே இல்லை. கார்கில் போரில் பாகிஸ்தானிடம் பிடிபட்ட இந்திய விமானி நிஜத்தில் எப்படி வீடு திரும்பினார்?

அவர் பெயர் நச்சிகேதா. 1999 மே 27-ந்தேதி அவருடைய மிக்-27 விமானத்தின் எஞ்சின் அணைந்துபோய், பாராசூட்டில் குதித்து, எதிர்த்தரப்பிடம் பிடிபட்டார். அவரைத் தேடிப்போன ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா திரும்பி வரவில்லை. ஜூன் 3-ந்தேதி நச்சிகேதா சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ஒப்படைக்கப்பட்டு, வாகா எல்லை வழியாக வந்துசேர்ந்தார். எண்ணிப் பார்த்தால் ஒரு வாரச் சமாச்சாரம். போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. முடியவில்லை. அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில் இஸ்லாமாபாத்தில் இந்தியத் தூதராக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், ராணுவத்தில் இருந்துவிட்டு வெளியுறவுப் பணிக்கு வந்தவர். (1960களின் தொடக்கத்தில் அதே பெயரில் இன்னொரு ஜி. பார்த்தசாரதி அதே பதவியில் இருந்தார். தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) விமானியை விடுவிப்பதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. பத்திரிகையாளர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அவருக்கு அழைப்பு வந்தது. போர்க்கைதியை கேமரா முன்னால் காட்சிப்பொருளாக வைத்து ஒப்படைப்பது முறையல்ல, நான் வரமாட்டேன் என்று மறுத்துவிட்டதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. நம்ம ஆள் ஒருத்தன் அவர்கள் கையில். தருகிறேன் என்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மனுஷன் ஃபோனில், "இப்படித் தந்தால் வேண்டாம், முறையாகத் தாருங்கள்" என்கிற தொனியில் பேசுகிறார். பேசிவிட்டு ஃபோனை வைத்த பிறகு அந்த அறையில் என்ன நடந்திருக்கும்? லாரித் துரத்தலை விட எனக்கு அந்த அறைதான் பெரிய காட்சி.

வருணின் தப்பித்தலுக்கும் ஒரு நிஜ மூலம் இருக்கிறது, அல்லது இருப்பதுபோலத் தோன்றுகிறது. 1971 போரில் பிடிபட்டு ராவல்பிண்டி முகாமில் இருந்த விமானிகளில் பருல்கர், கிரேவால், சிஞ்ஜி என்ற மூன்று பேர் 1972 ஆகஸ்டில் சுவரைத் துளைத்துத் தப்பினார்கள். ஆப்கன் எல்லையை நோக்கிப் போனார்கள். அதே ஊர், மூன்று பேர் என்ற அதே கணக்கு, அதே திசை. ஆனால் அவர்கள் எல்லைக்குச் சில மைல் தூரத்தில், லண்டி கோட்டல் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். திரும்பவும் சிறை. அந்த வருடம் டிசம்பரில் மற்ற விமானிகளோடு சேர்த்து விடுவிக்கப்பட்டு வாகா வழியாக நடந்து வந்தார்கள். அதாவது இந்த உபகண்டத்தின் ஆகப்பெரிய சிறைத்தப்புதல் கதையே கடைசியில் பேச்சுவார்த்தையில்தான் முடிகிறது. அந்த மூன்று பேரின் தைரியத்தை எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியும் படம், அவர்கள் வீட்டுக்கு வந்த வழியை வெட்டிவிட்டது.

ஒரு படத்தில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். 'ரோஜா'விலும் இதேதான்.

1991 ஜூனில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் உயர் அதிகாரி துரைசாமி ஸ்ரீநகரில் கடத்தப்பட்டார். சுமார் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. சிறையில் இருந்த சிலரை அரசு விடுவித்தது, அவர் திரும்பி வந்தார். அந்தச் செய்தியிலிருந்து பிறந்த படம் என்று 'ரோஜா'வைப் பற்றிப் பரவலாகச் சொல்வார்கள். 1992 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. படத்தில் ரிஷிகுமாரைக் கடத்துகிறார்கள், வாசிம் கானை விடச் சொல்கிறார்கள். ரோஜா அலைந்து, அழுது, மன்றாடி, அமைச்சர் வரைக்கும் போய், பரிமாற்றத்துக்கு அரசு ஒத்துக்கொள்ள வைக்கிறாள். இடம் குறிக்கிறார்கள். எல்லாரும் போய்க் காத்திருக்கிறார்கள். அதற்குள் ரிஷி தானாகத் தப்பித்துவிடுகிறான். லியாகத் அவனைச் சுடாமல் விடுகிறான். வாசிம் கானை விட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. கணவனும் கிடைத்தான், அரசும் விட்டுக்கொடுக்கவில்லை. ரெண்டு மாங்காய்.

'ரோஜா'வின் அரசியலைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. எரியும் கொடி, தொழுகை, சிறுபான்மையினரைக் காட்டிய விதம் என்று முப்பது வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. அந்தப் படத்தின் நடுப்பகுதி தமிழ் சினிமாவில் அபூர்வமான ஒன்று. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து போன, இந்தி ஒரு வார்த்தை தெரியாத பெண் ஒருத்தி. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் அவள் பேசுவது யாருக்கும் புரியவில்லை, அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. ஜனகராஜ் நடித்த பாத்திரம் அவளுக்கு மொழிபெயர்ப்பாளனாக ஒட்டிக்கொள்கிறது. நாசர் நடித்த கர்னல் ராயப்பாவிடம் தமிழில் சண்டை போடுகிறாள். அவர் கொள்கை பேசுகிறார், அவள் புருஷனைக் கேட்கிறாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமைச்சர் முன்னால் நிற்கிறாள். இதெல்லாம் என்ன? தூது. சுத்தமான தூது. அவள் பெயரைத்தான் படத்துக்கே வைத்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் அந்தத் தூதை அவள் கையிலிருந்து பிடுங்கி, ரிஷியின் காலுக்குக் கொடுத்துவிடுகிறார் மணிரத்னம். அவன் ஓடுகிறான். அவள் பாலத்தில் காத்திருக்கிறாள்.

இருபத்தைந்து வருடம் கழித்து 'காற்று வெளியிடை'யில் லீலாவுக்கு அந்த மனுவைக் கொண்டுபோகும் வேலைகூட இல்லை. அவள் ஒரு டாக்டர், படித்தவள், வாதாடத் தெரிந்தவள். வருண் சிறையிலிருந்த காலம் முழுக்க யாராவது அவனுக்காக எங்கேயாவது ஒரு கடிதம் எழுதினார்களா என்ற கேள்விக்குப் படத்தில் இடமே கிடையாது. சிறையும் அவனும் நினைவும்தான்.

மூலக்கரை டீக்கடையில் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவன் சினிமா விஷயத்தில் எதிரிலிருப்பவரை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிற ஆள்.

"ஏன் மாப்ள, கவர்மெண்டு லெட்டர் போட்டுச்சு, அவன் விட்டுட்டான்னு படம் எடுத்தா எவன் பாப்பான்? இண்டர்வெல்லோட எந்திரிச்சுப் போயிருவாய்ங்க."

"ஸ்பீல்பெர்க் எடுத்திருக்காரே மச்சான்."

"அது வெள்ளக்காரன். அவனுக்கு கோட்டுப் போட்டு பேசுனாலே படம்."

ஸ்பீல்பெர்க்கின் 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' 2015-ல் வந்தது. பனிப்போர் காலத்தில் சோவியத் உளவாளி ரூடால்ஃப் ஆபெலுக்கும் அமெரிக்க விமானி கேரி பவர்ஸுக்கும் 1962-ல் நடந்த பரிமாற்றம்தான் கதை. வக்கீல் ஒருத்தர் அறைக்கு அறை போய்ப் பேசுகிறார், சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசுகிறார். படத்தின் பெரும்பகுதி அதுதான். சீட்டு நுனியில் உட்காரவைக்கும். அதனால் 'பேச்சுவார்த்தையில் நாடகம் இல்லை' என்ற வாதம் எடுபடாது. ஆனாலும் மச்சான் சொன்னதில் ஒரு பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அது வெள்ளைக்காரன் மரபு என்கிறான் அல்லவா, அந்தப் பாதியைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். தூது யாருடைய மரபு?

திருக்குறளில் தூதுக்கென்று முழுசாக ஓர் அதிகாரம், 69-வது. ஒளவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன கதை புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் பளபளக்கும் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டுகிறான். எங்க ராஜாவோட ஆயுதமெல்லாம் கொல்லன் பட்டறையில கிடக்கு என்று ஒளவை பாராட்டுவதுபோல மிரட்டிவிட்டு வருகிறார். ஒரு பெண், கவிஞர், எதிரி நாட்டின் ஆயுதக்கிடங்கில் நின்றுகொண்டு ஒரு வார்த்தைகூட அவமரியாதையாகப் பேசாமல் அதைச் செய்கிறார். கம்பனில் அங்கதன் தூது. வில்லிபாரதத்தில் கிருஷ்ணன் தூதுக்கு ஒரு சருக்கமே உண்டு. தெருக்கூத்தில் இன்றைக்கும் விடிய விடிய ஆடுகிறார்கள், ஜனம் எழுந்து போவதில்லை. முடிவு எல்லாருக்கும் தெரியும், தூது தோற்கும், போர் வரும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதெல்லாம் போதாதென்று சிற்றிலக்கியத்தில் தூது என்றே ஒரு வகை வைத்துக்கொண்டோம். கிளியை அனுப்பினோம், மேகத்தை அனுப்பினோம், கடைசியில் தமிழையே அனுப்பினோம். 'தமிழ்விடு தூது' யாருக்கு? மதுரைச் சொக்கநாதருக்கு. எங்க ஊருக்கு வந்த தூது. இப்படிப்பட்ட மொழியில் சினிமா எடுக்க வந்தவர்கள் தூதுவனை எடிட்டிங் டேபிளில் வெட்டிப் போட்டதற்கு ஆடியன்ஸைக் காரணம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எங்க ஊர் என்றதும் விஜயகாந்தைச் சொல்லாமல் போகமுடியாது. மதுரைக்காரர். என் வயசுக்காரர்களுக்குப் பாகிஸ்தான் என்ற நாட்டை அறிமுகப்படுத்தியவர் புவியியல் வாத்தியார் இல்லை, கேப்டன்தான். 'வல்லரசு', 'நரசிம்மா' என்று வரிசையாக வந்த காலம். 2001-ல் வந்த 'நரசிம்மா'வில் அவர் உடம்பில் மின்சாரம் பாய்ச்ச, மின்சாரத்துக்கே ஷாக் அடிக்கும் காட்சியை இன்றைக்கு மீமாக எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் பதினோரு வயதில் தியேட்டரில் பார்த்துக் கத்தியவன், அதனால் கிண்டல் செய்ய மனசு வராது. அந்தப் படங்களின் பாகிஸ்தானுக்கு உண்மையான பாகிஸ்தானோடு சம்பந்தமே கிடையாது. அது ராமாயணத்து இலங்கை மாதிரி ஓர் இடம். யாரும் அங்கே பஸ் ஏறிப் போகமாட்டார்கள். அந்த அளவில் அவை நேர்மையான படங்கள், தாங்கள் புராணம் என்பதை ஒளிக்கவில்லை. மணிரத்னம் படங்களிடம் எனக்கு மனத்தாங்கல் அதிகமாக இருப்பது அவை நிஜம் என்ற தோற்றத்தோடு வருவதால்தான்.

அதே 2001-ல், ஜூலை 14 முதல் 16 வரை, ஆக்ராவில் வாஜ்பாயும் முஷரஃபும் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டறிக்கை எழுத உட்கார்ந்தார்கள். ஜஸ்வந்த் சிங் ஒரு பக்கம், அப்துல் சத்தார் ஒரு பக்கம். வரைவு போனது, வந்தது, திருத்தினார்கள், மறுபடி போனது. காஷ்மீரை எந்த இடத்தில் எப்படிச் சொல்வது, எல்லை தாண்டிய பயங்கரவாதத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்பதில் இடறியது. நள்ளிரவை ஒட்டி முஷரஃப் கிளம்பிவிட்டார். அறிக்கை வரவில்லை. ஐந்து மாதத்தில் நாடாளுமன்றத் தாக்குதல், அப்புறம் பல மாதம் எல்லையில் இரண்டு ராணுவமும் எதிரெதிரே நின்றது.

இலக்கியம் படிக்கிற நமக்கு இதில் ஆர்வம் வராமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். இது எழுத்தின் பிரச்சினை. ஒரு வாக்கியத்தை இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் படிக்க முடிய வேண்டும், இரண்டு இடத்திலும் எழுதியவனை ஜனம் அடிக்காமல் விட வேண்டும். கவிதைக்குக்கூட இந்த நெருக்கடி கிடையாது. என் வேலையில் ஆவணத்தில் 'ஷல்' என்று எழுதுவதா 'மே' என்று எழுதுவதா என்று ரெண்டு டீம் மூணு நாள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது நாள் யாரோ ஒருத்தர் இருவருக்கும் பொருந்துகிற ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடிப்பார். அவருக்குப் பதவி உயர்வு எல்லாம் கிடைக்காது.

2009 ஜூலையில் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் மன்மோகன் சிங்கும் கிலானியும் வெளியிட்ட கூட்டறிக்கையில் பலுசிஸ்தான் என்ற பெயர் நுழைந்துவிட்டது. தில்லியில் பெரிய கொந்தளிப்பு. வேண்டுமானால் வரைவு சரியாக அமையவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்கிற ரீதியில் வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன் பதில் சொன்னார். ஒரு பெயர்ச்சொல். அவ்வளவுதான். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மெல்ல ஒட்டவைக்க முயன்ற உறவை அந்த ஒற்றைப் பெயர்ச்சொல் பிடித்து இழுத்தது.

போன வருஷம் நமக்கு அறிமுகமான சொல் 'நிறுத்திவைப்பு'. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. ரத்து இல்லை, விலகல் இல்லை, நிறுத்திவைப்பு. சிம்லா ஒப்பந்தம் உட்பட இருதரப்பு உடன்பாடுகளை நிறுத்திவைக்கும் உரிமை தனக்கும் உண்டு என்று பாகிஸ்தான் பதிலுக்குச் சொன்னது. 1960 செப்டம்பர் 19-ல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. உலக வங்கி நடுவில் இருக்க, ஏறத்தாழ ஒன்பது வருடம் பேசி எழுதியது. 65, 71, 99 மூன்று போர்களையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 'ரத்து' என்பதற்கும் 'நிறுத்திவைப்பு' என்பதற்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் என்றைக்காவது திரும்பிவரும் வழி இருக்கிறது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருப்பார். 'ரத்து' என்று டீக்கடையில் கத்தியவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டில்லை.

ஆற்றுநீர் ஒரு காகிதத்தில் ஓடும் என்பது மதுரைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைகையில் வரும் பெரியாற்றுத் தண்ணீர் 1886-ல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் போட்டுக்கொண்ட 999 வருஷக் குத்தகையில் வருகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் படம் தேனியிலிருந்து மதுரை வரை ஆட்டோவில், வீட்டு ஹாலில், கடைக் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், எஞ்சினியர் என்ற முறையில் எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் அந்தக் குத்தகைப் பத்திரத்தின் வாசகங்களை உட்கார்ந்து எழுதியவர் பெயரை இந்தப் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம்முடைய ரசனையே அப்படித்தான் பழகியிருக்கிறது. கல்லை வைத்தவன் தெரிவான். வாக்கியத்தை வைத்தவன் தெரியமாட்டான்.

இதற்கெல்லாம் ஜனங்களின் வெறுப்புதான் காரணம் என்பவர்களுக்காகச் சேப்பாக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1999 ஜனவரி 31. கார்கிலுக்கு நாலு மாதம் முன்னால். அந்த மாதத் தொடக்கத்தில்தான் தில்லி கோட்லா மைதானத்தில் பிட்சைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பாகிஸ்தான் அணி ஆடக்கூடாது என்று. சென்னையில் நாலாவது இன்னிங்ஸ், சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆகிறார், மிச்ச விக்கெட்டுகள் மடமடவென்று விழுகின்றன, 12 ரன்னில் தோல்வி. சக்லைன் முஷ்டாக் மேட்சில் பத்து விக்கெட். மைதானம் ஒரு நிமிஷம் செத்துப்போய்க் கிடந்தது. அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், தட்டல் நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 20-ல், வாஜ்பாய் லாகூருக்கு பஸ்ஸில் போனார். சேப்பாக்கத்தால்தான் பஸ் போனது என்று நான் சொல்லவரவில்லை, அதெல்லாம் ஏற்கெனவே பேசி முடிவானது. ஆனால் 'நரசிம்மா'வுக்குக் கத்திய அதே தமிழ் ஜனம்தான் அங்கேயும் நின்றது. எதைக் காட்டினாலும் பார்க்கத் தெரிந்த ஜனம்.

துபாயில் 2025 செப்டம்பர் 14-ந்தேதி ஆசியக் கோப்பை மேட்ச் முடிந்து இரண்டு அணியும் கைகுலுக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்கு முன்னால் நடப்பதையும் நாங்கள் கைகுலுக்கல் என்றுதான் சொல்வோம். அன்போ மரியாதையோ இல்லை. நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா, கேட்கிறது, உனக்கு நான் கேட்கிறேனா, அவ்வளவுதான் அதில் இருக்கும் பேச்சு.

இந்திப் படங்கள் எல்லையிலிருந்து இருக்கும் தூரத்தாலோ என்னவோ விசா வரிசையையாவது கண்ணில் பார்த்திருக்கின்றன. 'பஜ்ரங்கி பாய்ஜான்' எவ்வளவு சர்க்கரைப் பாகாக இருந்தாலும், அதன் நாயகன் முதலில் பாகிஸ்தான் தூதரகத்துக்குத்தான் போகிறான். அங்கே கலவரமாகி வழி அடைபட்ட பிறகுதான் வேலிக்கு அடியில் நுழைகிறான். கதை எழுதிய விஜயேந்திர பிரசாத் தெலுங்குக்காரர் என்பதால் தெற்கு வடக்கு என்று இதைப் பிரிக்கவும் முடியாது. நம்ம ஆட்களில் யாருக்கும் ஒரு விசா அலுவலகத்தைக் கதைக்குள் கொண்டுவரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ராமேஸ்வரம் மீனவர் வீட்டுப் பெண்கள் இலங்கைச் சிறையிலிருந்து புருஷனை மீட்க மனுவோடு அலைவதை வருஷத்துக்குப் பத்து தடவை செய்தியில் பார்க்கும் நமக்கு இது தோன்றாமல் போனதுதான் விசித்திரம்.

மே மாதம் அந்த நாலு நாளும் நான் பசுமலையில் அத்தை வீட்டில்தான் அதிக நேரம் இருந்தேன். அத்தையின் மூத்த பையன் ராணுவத்தில் ஹவில்தார். ரஜௌரி பக்கம் போஸ்டிங். திருமங்கலம், உசிலம்பட்டி, இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி வீட்டுக்கு ஒரு ஆள் இருப்பார்கள். மே 7-ந்தேதி காலையிலிருந்து அவனிடமிருந்து ஃபோன் இல்லை. அத்தை டிவியை அணைக்கவும் மாட்டேன் என்கிறார், பார்க்கவும் மாட்டேன் என்கிறார். அதில் கராச்சி துறைமுகம் எரிகிறது என்றார்கள், இஸ்லாமாபாத் வரைக்கும் போய்விட்டோம் என்றார்கள். மாமா ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்ப்பார். நான் மொபைலில் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டுவேன்.

10-ந்தேதி சாயங்காலம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி வந்தார். மிகச் சுருக்கமாகப் பேசினார். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35-க்கு நம்முடைய இயக்குநரை ஃபோனில் அழைத்தார், மாலை 5 மணியிலிருந்து தரை, வான், கடல் எல்லாவற்றிலும் சுடுவதை நிறுத்துவதென்று பேசி முடிவாகியிருக்கிறது. இவ்வளவுதான். இதற்கு முன்னால் ட்ரம்ப் தானே பேசி முடித்ததாகப் போட்டுவிட்டதால் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு, யார் பேசியது, யார் பெயர் என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை அடுப்படியிலிருந்து வந்து கேட்டார்.

"யாருப்பா ஃபோன் பண்ணது?"

"அவங்க பக்கத்து ஆபீசரு, அத்தை. நம்ம ஆபீசருக்கு."

"ரெண்டு பேருகிட்டயும் நம்பரு இருக்கா?"

"எப்பவுமே இருக்கு அத்தை. அதுக்குன்னே ஒரு லைன் இருக்கு."

"அப்ப மொதல்லயே பண்ணிருக்கலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. பஹல்காமில் செத்த 26 பேர் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும் அந்தக் கேள்விக்கு. அன்றைக்கு ராத்திரியே மறுபடி ட்ரோன்கள் பறந்ததாகச் செய்தி வந்தது, அத்தை தூங்கவில்லை. அடுத்த நாள்தான் அவன் பேசினான், சாப்பிட்டாயா என்று ஆரம்பித்து வேறெதையும் கேட்கவில்லை அவர். பேசியது தோற்கும், ஏமாற்றும், பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகில் குத்து விழும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். லாகூர் பஸ்ஸுக்குப் பின்னால் கார்கில் வந்தது, 2015 கிறிஸ்துமஸ் அன்று மோடி லாகூரில் இறங்கிய ஒரே வாரத்தில் பதான்கோட் வந்தது. தூது தோற்பதைச் சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது? கிருஷ்ணன் தூதும் தோற்றதுதான். நம்ம படங்களில் தூது தோற்பதுகூட இல்லை. ஆரம்பிப்பதே இல்லை. அத்தை கேட்ட மாதிரி ஒரு கேள்வியைக் கேட்கும் ஒரு பாத்திரத்தை நம்ம எல்லைப் படங்களில் நான் இதுவரை பார்க்கவில்லை, ரோஜா ஒருத்தியைத் தவிர.

டி.சி.ஏ. ராகவன் இஸ்லாமாபாத்தில் தூதராக இருந்துவிட்டு வந்து 'தி பீப்பிள் நெக்ஸ்ட் டோர்' என்ற புத்தகத்தை எழுதினார். 'காற்று வெளியிடை' வந்த அதே 2017-ல் வந்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவிலிருந்த விநோதமான மனிதர்கள், பாதியில் நின்ற முயற்சிகள், அதிகாரிகளின் நட்புகள் என்று போகும். அதை யாராவது தமிழில் கொண்டுவரலாம். ஒரு நாவலாசிரியருக்கு அதில் குறைந்தது நாலு நாவல் கிடக்கிறது. 2004-க்குப் பிறகு லாம்பாவும் தாரிக் அஜீஸும் வெளிநாட்டு ஹோட்டல் அறைகளில் ரகசியமாகச் சந்தித்து காஷ்மீருக்கு ஒரு தீர்வை எழுதிக்கொண்டிருந்ததும், 2007-ல் முஷரஃபின் நாற்காலி ஆடியதும் அது அப்படியே மேசைக்குள் போனதும் இன்னொரு நாவல்.

சின்னதாக எழுத நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1988-ல் போட்ட ஓர் உடன்பாட்டின்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ந்தேதியும் இரண்டு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, ஒருவர் மீது ஒருவர் குண்டு போடக்கூடாத இடங்கள் என்று. கார்கில் நடந்த அடுத்த ஜனவரியிலும் மாறிக்கொண்டார்கள், மும்பைக்கு அடுத்த ஜனவரியிலும். 2008 உடன்பாடு ஒன்றின்படி ஜனவரி 1, ஜூலை 1 இரண்டு நாளும் சிறையில் இருப்பவர்களின் பட்டியலும் போகும். தில்லியில் ஒரு கவர், இஸ்லாமாபாத்தில் ஒரு கவர். தூதரக ஆட்களைப் பாதியாகக் குறைத்த வருஷங்களிலும் அதை எடுத்துக்கொண்டு போக ஓர் ஆள் இருந்தார். 2025 ஜூலை 1-ந்தேதியும் கவர் போனது, துப்பாக்கி நின்று ஐம்பத்திரண்டாவது நாள். பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் 193 மீனவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் குஜராத், டையூ பக்கத்து ஆட்கள், கடலில் கோடு தெரியாமல் போனவர்கள். இந்தியா கொடுத்ததில் அந்தப் பக்கத்து மீனவர்கள் 81.

அந்த 193 வீடுகளிலிருந்தும் கலெக்டருக்கும் மந்திரிக்கும் மனு போய்க்கொண்டிருக்கும். அதை எழுதிக் கொடுக்கும் ஆள் போர்பந்தரில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பார், புருஷன் பெயர், படகு நம்பர், பிடிபட்ட தேதி என்று வரிசையாகக் கேட்டு நிரப்பிக்கொண்டு.